ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பம் (1995): திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பத்தை யாருக்குக் கேட்கக் கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்னிடம் திரும்பி வருகின்றன. கேட்பவர்களில் சிலர் ராக் இசைக்கே புதியவர்கள். சிலர் நிர்வாணாவைக் கரைத்துக் குடித்தவர்கள். இரு தரப்புக்கும் பயன்படட்டும் என்று எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னும் வைத்துத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

ஃபூ ஃபைட்டர்ஸ் யார்? முதல் ஆல்பத்தின் பெயர் என்ன?

அமெரிக்க ராக் குழு. நிர்வாணா குழுவில் ட்ரம்ஸ் வாசித்த டேவ் க்ரோல், அந்தக் குழு முடிவுக்கு வந்தபின் தொடங்கியது. முதல் ஆல்பத்துக்கும் குழுவின் பெயர்தான்: ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’. 1995 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. பன்னிரண்டு பாடல்கள், முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. க்ரோலே தொடங்கிய ராஸ்வெல் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தின் பெயரில், கேபிடல் நிறுவனத்தின் வழியாக வெளியிடப்பட்டது.

போஸ்ட் கிரஞ்ச் என்கிறார்களே, அது என்ன வகை?

கிரஞ்ச் என்பது 1980களின் இறுதியில் சியாட்டில் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டு எழுந்த ராக் இசை. கரகரப்பான கிட்டார், பங்க் இசையின் வேகம், ஹெவி மெட்டலின் எடை, உள்ளே புழுங்கும் மனநிலை. 1991இல் நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ அதை உலகெங்கும் கொண்டுபோனது. அந்த ஒலியின் கரகரப்பையும், ‘சரணத்தில் அடக்கம், பல்லவியில் வெடிப்பு’ என்ற அமைப்பையும் எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவைச் சற்றுத் துப்புரவாக்கி, வானொலியில் உடனே பிடித்துப்போகும் பல்லவிகளை வைத்துப் பின்னால் வந்த குழுக்களைப் போஸ்ட் கிரஞ்ச் என்று வகைப்படுத்தினார்கள். புஷ், கலெக்டிவ் சோல், கேண்டில்பாக்ஸ் ஆகியவை முதல் வரிசை. க்ரீட், நிக்கல்பேக் போன்றவை அடுத்து வந்தவை.

அந்தப் பெயரைப் பல விமர்சகர்கள் பாராட்டாகச் சொல்லவில்லை. அசலின் நகல் என்ற பொருளில்தான் முதலில் வீசினார்கள். ஃபூ ஃபைட்டர்ஸையும் அந்தப் பெட்டியில் போட்டார்கள். அது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கீழே பாடல்களைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கலாம்.

இப்படி ஒரு பெயரை ஏன் வைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டு விமானிகள் வானத்தில் கண்ட விளங்காத ஒளிகளை ‘ஃபூ ஃபைட்டர்’ என்று அழைத்தார்கள். க்ரோலுக்குப் பறக்கும் தட்டுக் கதைகளில் பெரும் ஈடுபாடு. அவருடைய நிறுவனத்தின் பெயரான ராஸ்வெல்லும் பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்பட்ட நியூ மெக்சிகோ ஊரின் பெயர்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. தன் பெயரைப் போட்டால் எல்லோரும் நிர்வாணாவின் ட்ரம்மர் என்றே கேட்பார்கள் என்று அவர் நினைத்தார். பலர் சேர்ந்த குழு போல ஒலிக்கும் ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்துகொள்ள விரும்பினார். பிற்காலத்தில், இது இவ்வளவு நாள் நீடிக்கும் என்று தெரிந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எல்லாக் கருவிகளையும் ஒரே ஆள் வாசித்தார் என்கிறார்கள். நம்ப முடியவில்லையே?

உண்மைதான். ட்ரம்ஸ், இரண்டு மூன்று அடுக்குக் கிட்டார்கள், பேஸ் கிட்டார், குரல் எல்லாமே க்ரோல். ஒரே ஒரு விலக்கு: ‘எக்ஸ்-ஸ்டாடிக்’ பாடலில் ஒரு கிட்டார் பகுதியை ஆஃப்கன் விக்ஸ் குழுவின் க்ரெக் டல்லி வாசித்தார். அன்று அவர் அங்கே சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். க்ரோல் கிட்டாரை நீட்டினார், அவர் வாசித்தார்.

வேலை நடந்த முறை இதுதான். முதலில் ட்ரம்ஸ். துணைக்கு வேறு கருவி எதுவும் ஒலிக்காது. பாடல் முழுவதும் மனத்துக்குள் ஓட, அதன்படி அடித்து முடிப்பார். பிறகு ஓடிப்போய்க் கிட்டாரை மாட்டிக்கொண்டு அந்த ட்ரம்ஸின் மேல் வாசிப்பார். பிறகு பேஸ். கருவிகள் முடிந்ததும் அடுத்த பாட்டு. ஒரு நாளைக்கு நான்கு பாடல்கள் வரை இப்படி முடித்தார்கள். சிறுவனாக இருந்தபோதே இரண்டு கேசட் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் கிட்டாரைப் பதிந்து, அதை ஒலிக்கவிட்டு, மற்றொன்றில் ட்ரம்ஸோடு சேர்த்துப் பதியும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம்தான் இங்கே பெரிய கூடத்தில், நல்ல கருவிகளோடு நடந்தது.

ஆல்பத்தின் ஒலிக்கு இதுவே வேர் என்று நான் நினைக்கிறேன். பொதுவாக ட்ரம்ஸ் பாட்டுக்குத் துணை நிற்கும். இங்கே ட்ரம்ஸ்தான் பாட்டின் எலும்புக்கூடு. கிட்டாரும் குரலும் அதன் மேல் சதையாக ஏறியிருக்கின்றன.

எங்கே, எப்போது பதிவு செய்தார்கள்?

1994 அக்டோபர் 17இல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம். இடம், சியாட்டிலுக்கு வடக்கே ஷோர்லைன் பகுதியில் உள்ள ராபர்ட் லாங் ஸ்டுடியோஸ். உடன் இருந்து தயாரித்தவர் பாரெட் ஜோன்ஸ். இவர் க்ரோலின் பழைய நண்பர். வர்ஜீனியா நாட்களிலிருந்தே லாண்டரி ரூம் என்ற பெயரில் சிறிய ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியவர். க்ரோல் தனியாகப் பதிந்து பார்த்த பாடல்கள் பலவற்றுக்கு முதல் சாட்சி அவர்தான்.

இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நிர்வாணாவின் கடைசி ஒலிப்பதிவும் இதே கூடத்தில்தான், 1994 ஜனவரி இறுதியில் நடந்தது. ‘யூ நோ யூ ஆர் ரைட்’ என்ற பாடல் அங்கே பதிவாகி 2002இல்தான் வெளிவந்தது. ஒன்பது மாத இடைவெளியில் அதே அறைக்குள் க்ரோல் தனியாக நுழைந்திருக்கிறார். ஒலிக்கலவையை மட்டும் பின்னர் கலிபோர்னியாவின் ஆர்கேட்டா நகரில் ராப் ஷ்னாஃப், டாம் ராத்ராக் என்ற இருவர் செய்தார்கள்.

கர்ட் கோபெய்ன் இறந்து ஆறு மாதத்திலேயே பாடப் போய்விட்டாரே, அவ்வளவு சீக்கிரமாகவா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டாகவே வருகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிர்வாணாவின் பாடகரும் பாடலாசிரியருமான கோபெய்ன் 1994 ஏப்ரல் தொடக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு பல மாதங்கள் க்ரோல் இசையிலிருந்து பெரிதும் விலகியே இருந்தார். வானொலியைக் கேட்கக்கூட முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் விட்டு விலகி அயர்லாந்தின் கெர்ரி பகுதிக்குப் போனபோது, ஆள் அரவம் குறைந்த கிராமத்துச் சாலையில் வண்டிக்குக் கை காட்டிய ஓர் இளைஞனின் சட்டையில் கோபெய்னின் முகம் இருந்ததைப் பார்த்தார். இதிலிருந்து ஓடித் தப்பிக்க முடியாது, திரும்பிப் போய் வேலை செய்யத்தான் வேண்டும் என்று அப்போது முடிவெடுத்ததாகப் பலமுறை கூறியிருக்கிறார்.

திரும்பி வந்து அவர் செய்தது ஆல்பம் வெளியிடும் திட்டம்கூட அல்ல. தன் செலவில் ஒரு வாரம் கூடத்தை எடுத்து, மனத்தில் இருந்த பாடல்களைப் பதிந்து, நூறு கேசட் போட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அந்தக் கேசட் கைமாறிக் கைமாறி இசை நிறுவனங்களை எட்டியது. நிர்வாணாவை முன்பு பெரிய நிறுவனத்துக்கு அழைத்து வந்த கேரி கெர்ஷ் அப்போது கேபிடல் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அவரிடம் ஒப்பந்தம் ஆனது. துக்கத்திலிருந்து எழுந்து நிற்க ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ததில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

ட்ரம்ஸ் வாசிப்பவருக்குப் பாட்டு எழுத எப்படி வந்தது?

திடீரென்று வரவில்லை. 1990இல் நிர்வாணாவில் சேர்வதற்கு முன்பே அவர் வாஷிங்டன் டி.சி. வட்டாரத்தின் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் இரைச்சலும் கூடிய பங்க்) குழுவான ஸ்க்ரீமில் வாசித்தவர். கிட்டார் சிறுவயதிலிருந்தே தெரியும். நிர்வாணா காலம் முழுவதும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாரெட் ஜோன்ஸோடு உட்கார்ந்து தன் பாடல்களைப் பதிந்துகொண்டே இருந்தார். ஆனால் அவற்றைக் குழுவில் முன்வைக்கத் தயங்கினார். பக்கத்தில் கோபெய்ன் போன்ற ஒருவர் இருக்கும்போது அந்தத் தயக்கம் இயல்புதான். ‘மேரிகோல்ட்’ என்ற ஒரு பாடல் மட்டும் நிர்வாணாவின் ‘ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்’ சிங்கிளின் (தனிப்பாடல் வெளியீட்டின்) இரண்டாம் பக்கத்தில் அவர் குரலிலேயே வந்தது.

இந்த ஆல்பத்தில் உள்ள ‘அலோன் ப்ளஸ் ஈஸி டார்கெட்’ பாடலின் பழைய பதிவைக் கோபெய்ன் கேட்டு மனமாரப் பாராட்டினார் என்று க்ரோல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிட்டாரைத் தான் ட்ரம்ஸ் போலவே பார்ப்பதாக அவர் விளக்கியிருக்கிறார். தடித்த கீழ்க்கம்பிகள் அவருக்குப் பெரிய முரசும் சிறிய முரசும். மேல்கம்பிகள் தாளத்தட்டுகள். ‘ஐல் ஸ்டிக் அரவுண்ட்’ தொடக்கத்தில் கிட்டார் எப்படி மெட்டைவிட அடியையே முதலில் பிடிக்கிறது என்று கேட்டால் இது புரியும்.

பாடல் வரிகள் எனக்குப் புரியவே இல்லை. என் ஆங்கிலம் போதாதா?

உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதையே கேட்டார்கள். ஒரே வாரத்தில் பதினைந்து பாடல்களைப் பதிய வேண்டியிருந்தது. பல பாடல்களுக்கு வரிகள் கடைசி நேரத்தில், ஒலிக்காக எழுதப்பட்டவை. பொருள் இருக்க வேண்டிய இடத்தில் ஓசை இருக்கிறது.

இது வேண்டுமென்றே செய்ததும்தான். அந்த நேரத்தில் அவர் எதை எழுதினாலும் அதில் கோபெய்னைத் தேட உலகம் காத்திருந்தது. எழுத்தில் ஒளிந்துகொள்வது அவருக்கு அவசியமாக இருந்தது. எனவே வரிகளைக் குறித்துக்கொண்டு பொருள் தேடாதீர்கள். குரலையும் ஒரு கருவியாகவே கேளுங்கள்.

குரல் ஏன் ஒரே ஆள் இரண்டு மூன்று பேராகப் பாடுவது போல ஒலிக்கிறது?

அப்படித்தான் பதிந்திருக்கிறார்கள். தன் குரல்மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கினார். ஒரு குரலின் மெலிவை இன்னொன்று மூடும். பின்னாளில் மைதானங்களை நிறைத்த அந்தத் தொண்டைகிழியும் குரல் இங்கே ‘வாட்டர்ஷெட்’ போன்ற ஓரிரு இடங்களில்தான் முழுதாக வெளிவருகிறது. மற்ற இடங்களில் மென்மையாக, கிட்டார்களுக்கு நடுவே புதைந்து கிடக்கிறது. பிந்தைய ஆல்பங்களிலிருந்து பின்னோக்கி வருபவர்களுக்கு இந்த வெட்கம் முதலில் விசித்திரமாக இருக்கும். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

ராக் இசை பழக்கமில்லை என்றால் ‘பிக் மீ’. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். கரகரப்பே இல்லாத கிட்டார், ஒரு முறை கேட்டதும் நாவில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. கிட்டார் பழகத் தொடங்கியவர்களும் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து ‘ஃபார் ஆல் தி கவ்ஸ்’. சரணம் ஜாஸ் போல நிதானமாக அசைந்து நடக்கும். பல்லவியில் கூரை பெயர்ந்து விழும். மேலே போஸ்ட் கிரஞ்ச் பற்றிச் சொன்ன அந்த அடக்கம்–வெடிப்பு அமைப்பு எதுவென்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பாடலைத்தான் போட்டுக் காட்டுவேன். பிறகு முதல் பாட்டுக்கு வாருங்கள். ‘திஸ் இஸ் எ கால்’ மெல்லிய கிட்டாரும் குரலுமாகத் தொடங்கி, ட்ரம்ஸ் நுழைந்ததும் வேறு பாட்டாகிவிடுகிறது. ஒரு மனிதன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இவை பிடித்துவிட்டால் ‘எக்ஸ்-ஸ்டாடிக்’, ‘எக்ஸாஸ்டட்’ இரண்டையும் இரவில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். இவற்றில் அவசரம் கிடையாது. கிட்டார் ஒலிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து தடிமனான போர்வையாகின்றன. குறிப்பாக, ஆல்பத்தை முடித்து வைக்கும் ‘எக்ஸாஸ்டட்’டில் பாட்டு நடுவே கரைந்து வெறும் இரைச்சலாகி மீண்டும் உருப்பெறும். துக்கத்தைப் பற்றிய பாடல் இந்த ஆல்பத்தில் எதுவும் இல்லை என்றுதான் க்ரோல் சொல்லி வந்தார். ஆனாலும் அந்த ஆறு நிமிடங்களில் வரிகள் சொல்லாததை ஒலி சொல்லிவிடுகிறது என்றே என் காதுக்குப் படுகிறது.

‘வீனி பீனி’, ‘வாட்டர்ஷெட்’ இரண்டும் வெறும் கூச்சலாக இருக்கின்றன. தாண்டிப் போகலாமா?

முதல் முறை தாண்டலாம். ஆனால் விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டும் சியாட்டில் இசை அல்ல. க்ரோல் வளர்ந்த வர்ஜீனியா–வாஷிங்டன் வட்டாரத்தின் ஹார்ட்கோர் பங்க். ‘வீனி பீனி’ என்ற பெயரே வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் உள்ள ஒரு ஹாட் டாக் கடையின் பெயர். ‘வாட்டர்ஷெட்’ என்ற தலைப்பில் மினிட்மென் குழுவின் பேஸ் கலைஞர் மைக் வாட்டின் பெயர் ஒளிந்திருக்கிறது.

இந்தப் பாடல்களால்தான் இந்த ஆல்பத்தை முழுக்கப் போஸ்ட் கிரஞ்ச் என்று அடைக்க என் மனம் ஒப்பவில்லை. ஒரு பக்கம் பங்க், இன்னொரு பக்கம் ‘பிக் மீ’யின் பாப் மெட்டு, ‘ஓ, ஜார்ஜ்’ என்ற தலைப்பில் பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு வணக்கம். கிரஞ்சை நகலெடுத்தவர்களின் வரிசையில், கிரஞ்சை உருவாக்கியவர்களில் ஒருவரையே நிறுத்துவது எப்படியும் பொருந்தாது.

அட்டையில் ஏன் துப்பாக்கிப் படம்? கோபெய்ன் இறந்த விதம் தெரிந்தும் இப்படிச் செய்யலாமா?

1995இலேயே இந்தக் கேள்வி எழுந்தது. சிலர் கடுமையாகக் கண்டித்தார்கள். படத்தில் இருப்பது உண்மையான துப்பாக்கி அல்ல. 1930களில் வந்த பக் ராஜர்ஸ் என்ற அறிவியல் புனைகதை நாயகனின் பொம்மைத் துப்பாக்கி. படமெடுத்தவர் க்ரோலின் அப்போதைய மனைவியும் புகைப்படக் கலைஞருமான ஜெனிஃபர் யங்பிளட். பறக்கும் தட்டு, ராஸ்வெல் என்று மேலே சொன்ன அதே வரிசையில்தான் இந்தப் பொம்மையும் வருகிறது. அந்த மரணத்தோடு தொடர்புபடுத்தும் எண்ணம் தனக்கு இல்லை என்று க்ரோல் விளக்கினார்.

நோக்கத்தில் களங்கம் இல்லை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அட்டையைப் பார்த்ததும் மனம் சுருங்கிய ரசிகர்களை மிகை உணர்ச்சிக்காரர்கள் என்று ஒதுக்குவதையும் ஏற்கமாட்டேன். இழப்பு நடந்து பதினைந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. அருகில் இருந்த யாராவது ஒருவர் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

டாம் பெட்டி தன் குழுவில் சேர அழைத்தாராமே?

ஆம். 1994 நவம்பரில், அதாவது இந்த ஒலிப்பதிவு முடிந்த அடுத்த மாதம், ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அமெரிக்க ராக் பாடகர் டாம் பெட்டியின் டாம் பெட்டி அண்ட் தி ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவுக்கு க்ரோல் ட்ரம்ஸ் வாசித்தார். நிரந்தரமாகச் சேரும் வாய்ப்பும் வந்தது. பாதுகாப்பான, பெருமையான இடம். அதை மறுத்துவிட்டு, கையில் இருந்த கேசட்டை நம்பி இறங்கினார்.

அப்படியென்றால் மற்றக் குழுவினர் எப்போது வந்தார்கள்?

ஆல்பம் பதிவான பிறகு. சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் என்ற குழு அப்போது கலைந்துகொண்டிருந்தது. அதன் பேஸ் கலைஞர் நேட் மெண்டலையும் ட்ரம்மர் வில்லியம் கோல்ட்ஸ்மித்தையும் க்ரோல் சேர்த்துக்கொண்டார். கிட்டாருக்கு வந்தவர் பேட் ஸ்மியர். லாஸ் ஏஞ்சல்ஸின் ஜெர்ம்ஸ் என்ற பங்க் குழுவிலும், நிர்வாணாவின் கடைசிக் காலச் சுற்றுப்பயணங்களிலும் வாசித்தவர். ஆல்பம் கடைகளுக்கு வருவதற்கு முன்பே, 1995 வசந்த காலத்தில், மேலே குறிப்பிட்ட மைக் வாட்டின் சுற்றுப்பயணத்தில் தொடக்கக் குழுவாக நால்வரும் அமெரிக்காவைச் சுற்றினார்கள்.

நிர்வாணாவின் பேஸ் கலைஞர் கிறிஸ்ட் நோவோசெலிக்கை ஏன் சேர்க்கவில்லை?

இருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இருவரும் சேர்ந்து நின்றால், எந்தப் பெயரில் நின்றாலும், நடுவில் ஒரு வெற்றிடம்தான் தெரியும். அது இருவருக்கும் சுமை என்பதால் விலகிக்கொண்டார்கள். மனக்கசப்பு எதுவும் இல்லை. 2011இல் வந்த ‘வேஸ்டிங் லைட்’ ஆல்பத்தில் நோவோசெலிக் ஒரு பாடலுக்கு வாசித்திருக்கிறார்.

டெய்லர் ஹாக்கின்ஸ் இதில் எந்தப் பாடலுக்கு ட்ரம்ஸ் வாசித்தார்?

எதற்கும் இல்லை. அவர் 1997இல்தான் குழுவுக்கு வந்தார். 2022 மார்ச்சில் மறையும்வரை அதன் ட்ரம்மராக இருந்தார்.

‘பிக் மீ’ பாடலை மேடையில் பாடாமல் விட்டதற்கு மிட்டாய்தான் காரணம் என்கிறார்களே?

ஆமாம். ஜெஸ்ஸி பெரெட்ஸ் இயக்கிய அந்தப் பாடலின் வீடியோ, அக்காலத்து மென்டோஸ் விளம்பரங்களை அப்படியே பகடி செய்தது. மிட்டாயின் பெயரை மட்டும் ‘ஃபூட்டோஸ்’ என்று மாற்றினார்கள். 1996இல் எம்.டி.வி. விருதுகளில் சிறந்த குழு வீடியோவாகத் தேர்வானது. அதன் விளைவாக, பாடல் தொடங்கியதும் ரசிகர்கள் மேடையை நோக்கி மென்டோஸ் மிட்டாய்களை எறியத் தொடங்கினார்கள். வேகமாக வந்து படும்போது வலிக்கும். அதனால் சில காலம் அந்தப் பாடலையே நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

‘ஐல் ஸ்டிக் அரவுண்ட்’ யாரைப் பற்றிய பாடல்?

வரிகளில் பொருள் தேட வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விலக்கு. கோபெய்னின் மனைவி கோர்ட்னி லவ் பற்றியது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். க்ரோல் நீண்ட காலம் மறுத்தார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் இடையே நிர்வாணாவின் உரிமைகள் தொடர்பாக நீண்ட பிணக்கு இருந்தது. பிறகு 2014இல் ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் நிர்வாணா சேர்க்கப்பட்டபோது மேடையிலேயே தழுவிக்கொண்டார்கள். எனவே பழைய சண்டையின் ஆதாரமாக இந்தப் பாடலைத் தூக்கிப் பிடிப்பதில் இன்று பயனில்லை. ஆல்பத்தின் மிகக் கட்டுக்கோப்பான ட்ரம்ஸ் இதில் இருக்கிறது, அதற்காகக் கேளுங்கள்.

ஆல்பம் நன்றாக விற்றதா? விருது கிடைத்ததா?

அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 23ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம். அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. 1995 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ரீடிங் இசை விழாவில் இவர்களைக் கூடாரத்துக்குள் வாசிக்க வைத்தார்கள். வந்த கூட்டத்துக்கு அந்தக் கூடாரம் போதவில்லை.

கிராமி விருதின் கதை தனி. 1996இல் சிறந்த மாற்று இசைப் பிரிவுக்கு இந்த ஆல்பம் பரிந்துரைக்கப்பட்டது. வென்றது எது தெரியுமா? நிர்வாணாவின் ‘எம்.டி.வி. அன்பிளக்ட் இன் நியூயார்க்’. 1993 நவம்பரில் பதிவான அந்த நிகழ்ச்சியில் ட்ரம்ஸ் வாசித்தவர் க்ரோல், உடன் கிட்டார் வாசித்தவர் பேட் ஸ்மியர். தன் புதிய குழு தன் பழைய குழுவிடம் தோற்றது. பழைய குழுவின் நிழலிலிருந்து வெளிவருவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

‘பாக்கெட்வாட்ச்’ என்று ஒன்று 1992இலேயே வந்ததே. அப்படியானால் முதல் ஆல்பம் அதுதானே?

நல்ல கேள்வி. விவரம் அறிந்தவர்கள் மட்டுமே கேட்பது. ‘பாக்கெட்வாட்ச்’ க்ரோலின் தனிப்பட்ட பாடல்கள் அடங்கிய கேசட். ஆர்லிங்டனைச் சேர்ந்த சிம்பிள் மெஷின்ஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அட்டையில் அவர் பெயர் இல்லை, ‘லேட்!’ என்று மட்டுமே இருந்தது. அதிலும் எல்லாவற்றையும் அவரே வாசித்தார். மேலே சொன்ன ‘மேரிகோல்ட்’டின் முந்தைய வடிவம் அதில் இருக்கிறது.

க்ரோல் என்ற பாடலாசிரியரின் முதல் வெளியீடு எது என்று கேட்டால் ‘பாக்கெட்வாட்ச்’. ஃபூ ஃபைட்டர்ஸின் முதல் ஆல்பம் எது என்று கேட்டால் 1995. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நண்பர் ஒருவரின் பிரதியில் பதினான்கு பாடல்கள் இருக்கின்றன. என்னுடையதில் பன்னிரண்டுதான். எதை வாங்குவது?

அது ஜப்பானியப் பதிப்பாக இருக்கும். ‘வின்னபேகோ’, ‘போடங்க்’ என்ற இரண்டு பாடல்கள் அதில் கூடுதல். இவை ‘திஸ் இஸ் எ கால்’ சிங்கிளிலும் வந்தவை. ‘வின்னபேகோ’ ‘பாக்கெட்வாட்ச்’ கேசட்டிலிருந்தே தொடர்ந்து வரும் பாடல். பன்னிரண்டு பாடல் பதிப்பே போதும். ‘எக்ஸாஸ்டட்’ முடிந்ததும் ஆல்பம் முடிந்துவிட வேண்டும்.

இரண்டாவது ஆல்பம்தான் சிறந்தது என்கிறார்கள். இதை ஏன் கேட்க வேண்டும்?

1997இல் வந்த ‘தி கலர் அண்ட் தி ஷேப்’ பாடல்களாகப் பார்த்தால் கூடுதல் வலிமையானதுதான். ‘எவர்லாங்’, ‘மை ஹீரோ’ இரண்டும் அதில்தான் இருக்கின்றன. பிக்ஸீஸ் குழுவோடு பணியாற்றிய கில் நார்டன் அதைத் தயாரித்தார். எல்லாம் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் செதுக்கலுக்கு ஒரு விலை இருந்தது. கோல்ட்ஸ்மித் வாசித்த ட்ரம்ஸில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு க்ரோலே மறுபடி வாசித்தார். கோல்ட்ஸ்மித் மனம் நொந்து விலகினார்.

முதல் ஆல்பத்தில் யாரையும் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இல்லை. தயாரிப்பாளர் நண்பர், நேரம் ஒரு வாரம், கேட்கப் போகிறவர்கள் நண்பர்கள். அந்த விடுதலை இரண்டாவதில் கிடையாது. அதன்பின் வந்த எதிலுமே அந்த அளவுக்கு இல்லை.

கடைசியாக: இது தனியாள் ஆல்பமா, குழுவின் ஆல்பமா?

ஒலிப்பதிவைக் கேட்டால் தனியாள் ஆல்பம். வெளியீட்டையும் மேடையையும் பார்த்தால் குழுவின் ஆல்பம். 2021இல் ஃபூ ஃபைட்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது, முதல் வெளியீடு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் என்ற விதிக்கு இந்த 1995 ஆல்பத்தைத்தான் கணக்கில் கொண்டார்கள். அதில் ஒரு சுரம்கூட வாசிக்காத மெண்டலும் ஸ்மியரும் சேர்ந்தே அந்த மேடையில் நின்றார்கள். அது சரி என்றே நினைக்கிறேன். அறைக்குள் ஒருவர் செய்து வைத்ததை ஊர் ஊராகத் தூக்கிச் சென்று வாசித்து, மக்கள் காதில் சேர்த்தவர்கள் அவர்கள்.

கோபெய்ன் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஆல்பம் வந்திருக்குமா?

பாடல்கள் இருந்திருக்கும். பலவும் அதற்கு முன்பே உருவானவை என்பதை மேலே பார்த்தோம். ‘பாக்கெட்வாட்ச்’ போல இன்னொரு புனைபெயரில், இன்னொரு சிறு நிறுவனத்தின் கேசட்டாக அவற்றில் சில வந்திருக்கலாம்.  ஆனால் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ட்ரம்ஸை விட்டு எழுந்து, மேடையின் நடுவே ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும் தேவை அவருக்கு இருந்திருக்காது. நிர்வாணா நீடித்திருந்தால் அவர் தன் இடத்தில், குழுவின் பின்வரிசையில், மனநிறைவோடுதான் இருந்திருப்பார்.